சீட்டுக்கு அடியில் சிவப்புத் துணி

என் வீட்டுக்காரர் முனீஸைப் பற்றி யாராவது கேட்டால், முதலில் நாலு திட்டுத் திட்டிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். கடைக்கு அனுப்பினால் வாங்கப் போனதை மறந்துவிட்டு, வழியில் கிடந்த உடைந்த ஸ்விட்சைப் பொறுக்கிக்கொண்டு வருகிற ஆள். விளாத்திகுளம் பக்கமிருந்து நாங்கள் திருப்பூருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் தையல் மெஷின் மெக்கானிக், நான் அதே கம்பெனியில் மாடியில் செக்கிங். வீட்டில்தான் இந்த லட்சணம். கம்பெனிக்குள் போய்விட்டால் மனுஷன் வேறு. நாற்பது ஓவர்லாக் ஓடுகிற இரைச்சலில், எந்த மெஷின் நூலை அறுக்கப் போகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார்.

அந்தக் காதுதான் அவரை ரேஸ் பைக்கில் கொண்டுபோய் விட்டது. எங்கள் முதலாளி மருதாசலத்தின் மகள் யாழினி, இருபத்து மூன்று வயது. கம்பெனியில் சாம்பிள் வேலையைப் பார்த்துக்கொண்டே, கோயம்புத்தூர் பக்கத்து டிராக்கில் பைக் ரேஸ் ஓட்டுகிறாள். கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற அவள் பைக்கில் குயிக் ஷிஃப்டர் என்று ஒரு சாமான் உண்டு. காலால் லீவரை அழுத்தியதும் என்ஜினுக்குப் போகிற கரண்டை ஒரு கணம் நிறுத்தும், அதற்குள் கியர் விழுந்துவிடும். அந்த ஒரு கணம் எத்தனை மில்லி செகண்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்து வைப்பார்கள். இவர் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டு, "இன்னும் அஞ்சு கொறைக்கணும்" என்பார். குறைத்தால் சரியாக இருக்கும். அதனால் யாழினிக்கு இவர் சொன்னால் வேதவாக்கு.

இன்னொன்று டிராக்ஷன் கண்ட்ரோல். டிசி என்பார்கள். முன் சக்கரத்தைவிடப் பின் சக்கரம் வேகமாகச் சுற்றினால் டயர் வழுக்குகிறது என்று கண்டுபிடித்து, அதுவே பவரைக் குறைத்து ஆளைக் காப்பாற்றும். அது இருக்கிற தைரியத்தில்தான் மழையிலும் வேகம் கூட்டுகிற திராட்டிலைத் திருகுகிறார்கள்.

போன மாதம் ஒரு ரேஸ். வெள்ளிக்கிழமை பிராக்டிஸில் பின் சக்கரத்து சென்சார் மக்கர் பண்ணியது. காய்ந்த ரோட்டிலேயே வழுக்குகிறது என்று நினைத்துக்கொண்டு டிசி பவரை வெட்டியது. இவர் என்ன செய்தார்? ஷிப்மெண்ட் அவசரத்தில் கம்பெனியில் செய்கிற அதே வேலை, பைபாஸ். முன் சக்கரத்து வயரையே பின் சக்கரத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். இரண்டும் ஒரே வேகம் என்று டிசி நம்பிக்கொள்ளும். பவரை வெட்டாது, எச்சரிக்கை விளக்கும் எரியாது. நிஜமாகவே வழுக்கினாலும் அதற்குத் தெரியாது.

சனிக்கிழமை புது சென்சார் வந்தது, மாட்டினார். பைபாஸை எடுத்துவிட்டு அதற்கு இணைப்புக் கொடுப்பதற்குள், மூன்றாவது கியரிலிருந்து நான்காவது விழவில்லை என்று யாழினி வந்து நின்றாள். அதைச் சரி பார்ப்பதிலேயே பொழுது போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் லெமன் சாதம் கட்டிக்கொண்டு டிராக்குக்குப் போனேன். ஷெட்டில் பைக் மட்டும் நின்றது, சீட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு வயரில் சிவப்பு பனியன் துணி ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தொங்குகிற நூலை வெட்டுவதுதான் என் பிழைப்பு. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர் சட்டையில் நூல் தொங்கினாலே எனக்குக் கை அரிக்கும். துடைக்கிற வேஸ்ட் துணி சிக்கிக் கிடக்கிறது, இதைக்கூடப் பார்க்காமல் எங்கே தொலைந்தாரோ என்று முனகிக்கொண்டே உருவி எடுத்தேன். டிபன் கேரியரில் வழிந்த எண்ணெயை அதிலேயே துடைத்துக் குப்பையில் போட்டேன்.

எட்டு லேப் ரேஸ், டிராக்கை எட்டுச் சுற்று. யாழினி நான்காவதாகப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டாவது லேப்பில் மழை பிடித்துக்கொண்டது. தூறல்தான், ஆனால் ரோடு பளபளவென்று ஆகிவிட்டது.

"ஏங்க, புள்ள வழுக்கி விழுந்துறாதா?"

"ஏளா, பயப்படாத. டிசி பாத்துக்கிரும்."

"அதுலதான் என்னமோ ரிப்பேருன்னீக?"

"அதெல்லாம் முடிஞ்சு போச்சு. எதையாவது பைபாஸ் பண்ணுனா ஒரு செவப்புத் துணிய கட்டி வச்சிருவேன், கம்பெனி லைன்லயும் அப்படித்தான். காலையில சீட்ட மூடும்போது பாத்தேன், ஒண்ணும் தொங்கல."

காலையில் நான் குப்பையில் போட்டது சிவப்புத் துணி.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியே சட்டையைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பதினெட்டு வருஷமாக இந்த மனுஷனை மறதிக்காரன், கூறுகெட்டவன் என்று திட்டித் தீர்த்தவள் நான். தப்பு என் கையில் என்று எப்படிச் சொல்வது? இதோ மழை விட்டுவிடும் என்று நினைத்தேன். வேறு துணியாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது லேப் முடிந்து யாழினி எங்கள் முன்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்வரை மூச்சு விட்டேனா என்று தெரியாது. வந்தாள். அப்புறம்தான் வாய் திறந்தது.

"ஏங்க, அந்தத் துணிய நாந்தான் உருவிப் போட்டேன். வேஸ்ட்டுன்னு நெனச்சேன்."

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. முகம் மட்டும் செத்துவிட்டது. ஓடிப்போய் ஒரு அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து, இன்சுலேஷன் டேப்பை எழுத்தாக ஒட்ட ஆரம்பித்தார். ஈரத்தில் டேப் ஒட்டவில்லை. நான் முந்தானையால் துடைக்கத் துடைக்க, அவர் ஒட்டினார். "டிசி இல்ல." அதற்குள் ஒரு லேப் போய்விட்டது. சுவரோரம் நின்று தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஐந்தாவது லேப் முடிந்து வந்தவள் பார்க்காமலே போனாள்.

"கும்புடுற சாமியெல்லாம் கூப்புடு ஏளா" என்றார். நான் கூப்பிடாத சாமி இல்லை. தூரத்தில் பைக் சத்தம் ஒவ்வொன்றாக வந்தது, அவள் பைக் சத்தம் எது என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "வர்றா" என்றார். இந்த முறை ஹெல்மெட் எங்கள் பக்கம் லேசாகத் திரும்பியது. அடுத்த வளைவில் வேகத்தைக் குறைத்தாள். ஒன்று, இரண்டு என்று ஐந்து பைக்குகள் அவளைத் தாண்டிப் போயின. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில்.

ஒன்பதாவதாக வந்தாள். ஷெட்டுக்குள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். இவர் அவள் முன்னால் போய்க் கை கட்டி நின்றார்.

"எந் தப்பு பாப்பா. பைபாஸ எடுக்க மறந்துட்டேன். நீங்க என்ன சொன்னாலும் சரி."

அவள் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினாள். உதடு வெளுத்துப்போயிருந்தது.

"ஏனுங்ணா, மூணாவது லேப்புல கடைசி வளைவுல பின்னாடி வீலு அப்படியே வழுக்கிப் போயிருச்சுங்க. டிசி புடிச்சுக்கும்னு திராட்டில விடவே இல்லீங்க நானு. செவுரு இவ்ளோ பக்கத்துல வந்துருச்சு. எப்புடி நிமுந்துச்சுன்னே தெரியலீங்ணா."

மூன்றாவது லேப். நான் வாயை மூடிக்கொண்டு நின்ற லேப். இதற்குமேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அவரு மறக்கல பாப்பா. அடையாளத்துக்குக் கட்டுன துணிய எடுத்தது நாந்தான். மூணாவது லேப்புலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு சுத்து பேசாம நின்னுட்டேன்."

முனீஸ் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒரு சுற்று சொல்லாமல் நின்றது அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் அவள் சாம்பிள் மேல் ஒரு தடவை டீயைக் கொட்டியிருக்கிறேன். சரக்கு எடுக்கிற பையர் வருகிற நாளில் தப்பான பனியன் கட்டை அனுப்பியிருக்கிறேன். எதற்கும் அந்தப் பெண் "பரவால்லீங்கக்கா" என்றுதான் சொல்லுவாள். அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை.