மியூனிக்கில் ஏது வாழை மரம்?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை திடீரென்று மைக்கைக் கையில் வாங்கினார். பாடப்போகிறார் போலிருக்கிறது என்று பயந்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டேன். நல்லவேளை, பாடவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த அறையைப் பார்த்து, "ஐ மிஸ் யூ டா செல்லம்!" என்றார். மண்டபமே கைதட்டியது.

மணப்பெண் எங்கே போயிருந்தார் தெரியுமா? புடவை மாற்றிக்கொள்ள.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி வசந்தா முழங்கையால் ஓர் இடி இடித்தாள். "பாத்தீங்களா? கத்துக்குங்க."

"ஏன், நானும் சொல்லியிருக்கேனே!" என்றேன்.

"மொதல்ல எங்கிட்டயா சொன்னீங்க? கவர்மென்ட் ஆபீசர்கிட்ட இல்ல சொன்னீங்க!"

உண்மைதான். மறுக்க முடியாது. வீட்டுக்கு வந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. அந்தக் கதையை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்த சமாச்சாரம். அப்போது ஜெர்மனி இரண்டாக இருந்தது. மேற்கே மியூனிக்கில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வசந்தாவுக்கு வேலை. கிழக்கே டிரெஸ்டனில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் நான் – எந்த உலோகம் எந்தச் சூட்டில் விரிசல் விடும் என்று பார்ப்பவன். நடுவில் முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கி. இந்திய பாஸ்போர்ட் என்பதால் எனக்குப் போய்வர வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் கிழக்கு ஜெர்மன் அதிகாரிகள் மனது வைத்து முத்திரை குத்த வேண்டும்.

வசந்தா அப்போது நிறைமாதம். கிறிஸ்துமஸை ஒட்டிப் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மியூனிக்கில் அவளுக்கு என்னை விட்டால் யாரும் கிடையாது. அவள் அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வர வழியில்லை. நான் போயே ஆகவேண்டும். பாஸ்போர்ட்டோடு மனுவைக் கொடுத்துவிட்டு, முத்திரைக்காகக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் டெலிஃபோன். நான் தங்கியிருந்த விடுதியில் வாசல் காவலாளி அறையில்தான் ஃபோன். காவலுக்கு இருந்தவர் ஃபிராவ் லேமான் என்ற அம்மாள். நாள் முழுக்க ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். முதல் வாரம் நான் தமிழில் "எப்படி இருக்கே?" என்று ஆரம்பித்தேன்... லைன் போய்விட்டது. மறுபடி போட்டேன். மறுபடியும் போய்விட்டது.

"புரியாத பாஷையில பேசினா அப்படித்தான்" என்றார் ஃபிராவ் லேமான். "ஜெர்மன்ல பேசுங்க. அவங்களுக்கும் சௌகரியம்."

"யாருக்கு?"

அந்த அம்மாள் நிமிர்ந்து கூரையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பின்னலைத் தொடர்ந்தார்.

ஆக, பெண்டாட்டியிடம் ஜெர்மனில் பேச வேண்டும். எங்கள் இருவருடைய ஜெர்மனும் உருளைக்கிழங்கு வாங்கவும் பல்வலியை விளக்கவும் போதும். அன்பைச் சொல்வதற்கு? நான் தமிழிலேயே சொன்னதில்லை, சார்! பக்கத்தில் ஓர் அம்மாள் பின்னிக்கொண்டிருக்கிறார். கூரைக்கு மேலே யாரோ காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். நடுவில் நின்றுகொண்டு "உன்னை நினைத்து ஏங்குகிறேன்" என்று சொல்ல முடியுமா? எங்கள் தலைமுறையில் அதற்கு வேறு பிறவி எடுக்க வேண்டும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் வசந்தா.

மியூனிக்கில் மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தாள். தையல் படிக்கத்தான் போனாள். தையலில் இடமில்லை. பழைய சீனக் கவிதை வகுப்பில் ஏகப்பட்ட இடம் காலியாக இருந்தது. அறையில் கணகணவென்று ஹீட்டர் வேறு. உட்கார்ந்துவிட்டாள்.

செப்டம்பரில் நான் மியூனிக் போயிருந்தபோது சமையலறையில் வைத்து எனக்கும் பாடம் நடந்தது.

"சீனக் கவிஞர் 'உன்னைப் பிரிஞ்சு தவிக்கிறேன்'னு எழுதவே மாட்டாராம். நிலா ரொம்ப வெளிச்சமா இருக்குன்னு எழுதுவாராம். அவ்வளவுதான்."

"அதுல என்ன இருக்கு?"

"அதே நிலாவைத்தானே அவளும் பாக்கறா? காட்டு வாத்து தெற்கே பறந்து போகுதுன்னா, உன்கிட்டேருந்து சேதி வரலைன்னு அர்த்தம். வாழை இலையில ராத்திரி பூரா மழை பெய்யுதுன்னா, தூக்கம் வரலைன்னு அர்த்தம். அப்புறம் ஒரு செவப்பு விதை. அதைப் பொறுக்கி வெச்சுக்கன்னா, என்னை நினைச்சுக்கன்னு அர்த்தம். அது என்ன விதை தெரியுமா? நம்ம குன்றிமணிதாங்க! பிள்ளையாருக்குக் கண் வெப்போமே, அது!"

"நிலாவைப் பார்த்தால் நிலான்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றேன். உலோகக்காரன் வேறென்ன சொல்வான்?

ஆனால் உள்ளூர எனக்குப் பிடித்திருந்தது. நம் சங்கப் புலவர்களும் இதைத்தானே செய்தார்கள்? முல்லைக்கொடி பூத்துவிட்டது என்றால் மழைக்காலம் வந்துவிட்டது, போனவன் இன்னும் வரவில்லை என்று பொருள். பள்ளிக்கூடத்தில் தலையைச் சொறிந்துகொண்டு படித்தபோது, இது ஒருநாள் நமக்கே உதவும் என்று யார் கண்டது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாங்கள் இரண்டு சீனக் கவிஞர்களாகிவிட்டோம்.

"இங்கே ஆற்றுக்கு மேலே வாத்துகள் போய்விட்டன" என்பேன், ஜெர்மனில்.

"இங்கே வாழை இலையில் மழை. விடியும்வரை" என்பாள்.

"நேற்று நிலா முழுசு. நான் பாதிதான் பார்த்தேன்."

"சிவப்பு விதைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்."

ஃபிராவ் லேமான் கண்ணை நிமிர்த்தவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. யாருக்கும் தெரியாமல் கொஞ்சிக்கொண்டிருக்கிறோம்! அரசாங்கத்தையே ஏமாற்றிவிட்டோம்!

டிசம்பர் பிறந்தது. முத்திரை வரவில்லை. அழைப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை இன்ன தெருவில் இன்ன அறைக்கு வரவும்.

டிராமில் ஏறி உட்கார்ந்தேன். வெளியே நிலக்கரிப் புகை வாசனையோடு மூடுபனி. வசந்தாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. ஆஸ்பத்திரிக்கு எப்படித் தனியாகப் போவாள்? வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவாள்?

அறையில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட அதிகாரி ஒருவர். மேஜைமேல் என் பாஸ்போர்ட். அதன் பக்கத்தில் டைப் அடித்த தாள்கள். மரியாதையாக உட்காரச் சொன்னார். அந்த மரியாதைதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஆற்றுக்கு மேலே வாத்துகள் போய்விட்டன" என்று படித்தார். "எந்த வாத்துகள்?"

"காட்டு வாத்துகள்."

"எத்தனை?"

"எண்ணவில்லை."

"எங்கே போயின?"

"தெற்கே."

"தெற்கே" என்று எழுதிக்கொண்டார். "நிலாவில் நீங்கள் பாதிதான் பார்த்தீர்கள். மற்றப் பாதியைப் பார்த்தவர் யார்?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் அடுத்த தாளை எடுத்தார். முகத்தில் லேசான வெற்றிக் களை. "வாழை இலையில் மழை பெய்கிறது. உங்கள் மனைவி சொன்னது, நவம்பர் மாதம். மியூனிக்கில் வாழை மரம் இருக்கிறதா?"

மியூனிக்கில் ஏது வாழை மரம்? டிரெஸ்டனிலோ கடையில் வாழைப்பழத்துக்கே வரிசை!

"ஐயா, அது... கவிதை" என்றேன்.

"என்ன கவிதை?"

"சீனக் கவிதை."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் மாஸ்கோவுக்கும் பீகிங்குக்கும் ஜென்மப் பகை. இந்த ஊர் மாஸ்கோ பக்கம். அதிகாரி பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சீனாவா?"

அந்த நிமிஷம் முடிவு செய்துவிட்டேன் – முத்திரையும் கிடையாது, பிரசவமும் கிடையாது, நான் மியூனிக்கைப் பார்க்கப்போவதும் கிடையாது. பயத்தில் வெட்கம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு பளிச்சென்று சொல்லிவிட்டேன்.

"என் மனைவியைப் பிரிந்து என்னால் இருக்க முடியவில்லை."

"அது சரி. வாத்துகள்?"

"அதுதான் வாத்துகள்! அவளிடமிருந்து சேதியே வராததுபோல் இருக்கிறது. அதற்குப் பெயர் வாத்துகள்."

"நிலா?"

"அவள் இல்லாமல் பார்த்தால் பாதிதான் தெரிகிறது."

"வாழை இலை?"

"அவளுக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தை பிறக்கப்போகிறது. தனியாக இருக்கிறாள். பயம்."

"சிவப்பு விதை?"

"என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள்" என்றேன். மூக்கை உறிஞ்சினேன். ஒரு முப்பது வயது விஞ்ஞானி, முன்பின் தெரியாத அதிகாரி முன்னால்!

அவர் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஏதோ எழுதினார். முதல் வரிக்கு மட்டும்தான் நீளமாக. மற்றதற்கெல்லாம் கீழே இரண்டு புள்ளி – மேற்படி, மேற்படி, மேற்படி. என் காதலின் முழு விவரமும் அரசாங்கக் கோப்பில் இப்படித்தான் ஏறியது.

"இவ்வளவுதானா?" என்றார். மனிதருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாவம், வாரக்கணக்கில் வேலை செய்திருக்கிறார்.

"இவ்வளவுதான் ஐயா."

"இதை நேராகவே சொல்லியிருக்கலாமே? எங்களுக்கும் வேலை மிச்சம்."

பாஸ்போர்ட்டைப் பிரித்தார். முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் ஒற்றினார். டொக்! உலகத்தில் அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வசந்தா வலியில் தனியாகக் கிடக்கப்போவதில்லை. அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

கதவுவரை போனவனைக் கூப்பிட்டார்.

"ஒரு சந்தேகம். சீனக் கவிஞர்கள் நிலா, வாத்து என்றெல்லாம் எழுதினார்களே... அவர்களுடைய மனைவிகளுக்குப் புரிந்ததா?"

"தெரியவில்லை ஐயா."

"உங்கள் மனைவிக்கு?"

பாஸ்போர்ட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஒரு வணக்கம் வைத்தேன்.

தெருவுக்கு வந்தேன். அப்பாடா என்று ஒரு சுவரில் சாய்ந்துகொண்டேன். அழைப்பு வந்த நாளிலிருந்து காணாமல் போயிருந்த பசி திரும்பி வந்தது. முனைக்கடையில் நின்றபடியே ஒரு தட்டு பட்டாணி சூப்பும் இரண்டு ரொட்டியும் சாப்பிட்டேன். கடைக்காரர் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் அந்த அதிகாரி கேட்டது நியாயமான கேள்வி. மலை, மழை, பறவை என்று அவ்வளவு அழகாக மறைத்துச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் கவிஞருக்கு அது நயம். என்னைப் போன்றவனுக்கு அது ஒளிந்துகொள்ள ஒரு தூண். வாத்தை முன்னால் விட்டுவிட்டு நான் பின்னால் பதுங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே ஃபோன் போட்டேன். ஃபிராவ் லேமான் பின்னிக்கொண்டிருந்தார். பின்னட்டும். கூரைக்கு மேலே கேட்பவர் கேட்கட்டும். அவருக்குத்தான் எல்லாம் ஏற்கெனவே தெரியுமே!

"சனிக்கிழமை வருகிறேன்" என்றேன், ஜெர்மனில். அந்தப் பக்கம் வசந்தா விசும்பும் சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதிகாரியிடம் சொன்னதைவிட உரக்கவே சொன்னேன் – "உன்னைப் பிரிந்து என்னால் இருக்க முடியவில்லை."

விசும்பல் நின்றுவிட்டது. பிறகு, கவலையோடு, சுத்தமான தமிழில் கேட்டாள்:

"ஹலோ... யாருங்க பேசறது?"