காகித ஊரில் காய்ந்த பாவாடை

இதை எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்து, ஒவ்வொரு தடவையும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பெரியப்பா உயிரோடு இருந்தவரை அவர் மனசு நோகுமே என்று பயம். அவர் போன பிறகு, இவள் எந்த நாட்டுக்காரி என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். திருத்தங்கலில் வீட்டு வேலையும் விளக்கும் பூவும் அம்மனுமாக இருக்கிறவள். போரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடித்து நிமிர்ந்தபோது என் மகன் செல்போனை நீட்டினான். ஏதோ ஒரு தேசத்து ஊரில் குண்டு விழுகிறது. ஒரு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே எங்கள் சொந்தக்காரர்கள் வரிசையாகக் கைதட்டும் படம் போட்டிருக்கிறார்கள். "எதிரி ஊரும்மா, வேணும் அவங்களுக்கு" என்றான். கட்டடம் விழுவதற்கு முன்னால் அதன் மூன்றாவது மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். கோபத்தில் செல்போனைத் தள்ளிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பெரியப்பா ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். எங்கள் குடும்பமே அதில்தான் சாப்பிட்டது. அந்த வருடம் எல்லையில் சண்டை. பக்கத்து ஊர்ப் பட்டாளத்துக்காரர் ஒருவரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கியபோது, பெரியப்பா வெயிலில் செருப்பில்லாமல் பின்னாலேயே நடந்து போனார். வாய்விட்டு அழுதார். அந்த அழுகை பொய் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆடியில் எங்கள் அம்மன் கோவில் பொங்கல் வந்தது. கடைசி நாள் வாணவேடிக்கை எப்போதும் பெரியப்பா உபயம். மூங்கிலில் மயில், தேர், கோபுரம் என்று கட்டி, மருந்துக் குழாய்களைப் பொருத்திக் கொளுத்தினால் நெருப்பிலேயே மயில் தோகை விரிக்கும். அந்த வருடம் மயில் வேண்டாம் என்றுவிட்டார்.

"எதிரி ஊரைக் கட்டுங்கலே. கம்பி வழியா ராக்கெட்டு பாஞ்சு ஊரே சாம்பலாகணும். அம்மனும் பாத்துச் சந்தோசப்படட்டும்."

நிஜமாகவே அழகான ஊர். பிளந்த மூங்கில் சிம்பில் வீடுகள். சிவகாசி அச்சாபீசில் கழித்துப்போட்ட காலண்டர் தாளில் சுவர்கள். அதனால் ஒரு வீட்டில் பாதி முருகன் தெரிந்தார், இன்னொரு வீட்டில் லட்சுமியின் கை மட்டும் தெரிந்தது. சாமியைக் கொளுத்தினால் பாவம் என்று பெரியப்பா அவற்றின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டச் சொன்னார். சாமியை மறைத்துவிட்டால் பாவமும் மறைந்துவிடும் என்று நாங்கள் எல்லாருமே நம்பினோம். ஜன்னல் ஒட்டுவது பிள்ளைகள் வேலை. நான் ஒரு ஜன்னலில் பூனை வரைந்தேன்.

அத்தை, அதாவது பெரியப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். நான் பிறப்பதற்கு முன்பே மாமா கம்பெனி விபத்தில் இறந்துவிட்டார். அதற்குமேல் அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அத்தையும் அதிகம் பேசாதவள். எங்களுக்குப் பசை காய்ச்சிக் கொண்டுவந்தவள் அன்று நின்று கேட்டாள்.

"அண்ணே, இது என்ன கட்டுறீக?"

"எதிரி ஊரு தாயி."

"ஊருக்குள்ள யாரு இருக்காக?"

"யாரு இருப்பா? எதிரிதான்."

"புள்ளைகளுமா?"

பெரியப்பாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அங்கன வீட்டுக்கு வீடு வெடிமருந்து செய்றானாம். அந்த ஊர்ல எவனும் யோக்கியன் கிடையாது."

அத்தை பசைச் சட்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நம்ம ஊரு? இங்கன வீட்டுக்கு வீடு என்ன, இட்டிலியா அவிக்கிறோம்?"

வேலையாட்கள் சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவும் சிரித்து மழுப்பினார். "போ தாயி, போயி பொங்கலுக்கு அரிசியைக் களை."

பொங்கலின் கடைசி நாள், பொழுது இறங்கும் நேரம். கம்பியில் ராக்கெட்டுகள் வரிசையாகக் காத்திருந்தன. பெரியப்பா கையில் நீளமான ஊதுபத்தி. "பத்த வைங்க மொதலாளி!" என்று இளவட்டங்கள் விசிலடித்தார்கள். அப்போது அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். காகித ஊருக்கு முன்னால் இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஒரு சணல் கயிற்றைக் கட்டினாள். தன் நூல்சேலை ஒன்றை அதில் விரித்துப் போட்டாள். பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைப் பாவாடை. அன்று ராத்திரி சாமி கும்பிடும்போது கட்டுவதற்காக நான் மடித்து வைத்திருந்த புதுப் பாவாடை.

"ஐயோ, அத்தை என் பாவாடையை எரிக்கப் போகுது!" என்று அலறினேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விசில் நின்றுவிட்டது. கூட்டம் மொத்தமும் அந்தக் கயிற்றையே பார்த்தது.

"ஏட்டி, என்ன கூத்து இது? எடு அதை" என்றார் பெரியப்பா.

"நான் எதுக்கு எடுக்க? உள்ள இருக்கவுக வந்து எடுத்துக்கிடட்டும்."

மேளக்காரர்கூடக் கோலைத் தாழ்த்திவிட்டார். வெளியூர்க்காரன் எவனோ, "துணிதானே, சேத்துக் கொளுத்துங்க" என்று கத்தினான். "வாயை மூடுலே" என்றார், அவன் பக்கத்தில் நின்ற எங்கள் கம்பெனிக்காரர் ஒருவர். பெரியப்பா ஊதுபத்தியை மணலில் குத்தி அணைத்தார்.

"ராக்கெட்டையெல்லாம் வானத்தைப் பாத்துத் திருப்புங்கலே."

அன்று ராக்கெட்டுகள் மேலே போய் வெடித்தன. கீழே அந்த ஊர், என் பூனையோடு, முழுசாக நின்றது. நான் மட்டும் பாவாடையில் மருந்து வாசம் அடிக்கிறது என்று அழுதேன்.

கலியாணமாகி, ஒரு சீசன் நானே கம்பெனி வேலைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மருந்து கலக்கும் அறைக்குப் போகிறவர்கள் வீட்டுத் துணியை வெளியே கொடியில் போட்டுவிட்டு, பழசைக் கட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். கொடியில் துணி கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அது கிடக்கும்வரை அந்தத் திசையில் யாரும் திரி பற்ற வைக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது சாமி வாக்கு மாதிரி. மாமா போன அன்று அறை இல்லாமல் போயிற்று. தள்ளியிருந்த வேப்பமரத்தடியில் கொடி அப்படியே இருந்தது, மாமாவின் வெள்ளைச் சட்டையோடு. அந்தச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கச்சி வாசலில் வந்து நின்றவர் பெரியப்பா.

மேலே பறந்து குண்டு போடுகிறவனையும், போடச் சொல்கிறவனையும், விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறவனையும் கேட்கிறேன். அவ்வளவு உயரத்திலிருந்து தெரு தெரிகிறது, கட்டடம் தெரிகிறது, கொடியில் கிடக்கிற துணி மட்டும் உங்கள் கண்ணுக்குத் தெரியாதா? எல்லையில் செத்த பிள்ளைக்காக நானும் விளக்கேற்றியிருக்கிறேன். எந்த ஊர் மாடியிலோ துணி துவைத்துப் போட்டவளா அவனைக் கொன்றாள்? அவளையும் அவள் பிள்ளையையும் எரித்துவிட்டு, ஜெயித்தோம் என்று எந்த முகத்தோடு அம்மன் முன்னால் நிற்பீர்கள்? பட்டாசு செய்கிற எங்களுக்கு இருக்கிற கட்டுப்பாடு, பட்டணத்தையே அழிக்கிற உங்களுக்குக் கிடையாதா?

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பெரியப்பாவைக் கொடுமைக்காரர் ஆக்கிவிடாதீர்கள். அத்தைக்கு அருள் வந்தது என்று கதை கட்டாதீர்கள்; அவள் நல்ல நிதானத்தில்தான் இருந்தாள். ஒரு பிள்ளை பாவாடைக்காக அழுததையும் விட்டுவிடாதீர்கள். தன் சேலையோடு நிறுத்தாமல், அத்தை ஏன் ஒரு சின்னப் பாவாடையையும் அந்தக் கொடியில் போட்டாள் என்று அந்தப் பிள்ளைக்கு அப்போது தெரியாது.