உளுத்த கல்லும் ஓவர்சியரும்

பாறை கெட்டியானது என்று நம்பி வேலைக்குச் சேர்ந்து, அப்படியெல்லாம் இல்லை என்று தெரிந்துகொண்டு ஓய்வு பெறுவதுதான் ஓவர்சியர் உத்தியோகம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தர்மபுரிப் பக்கம் பாலம், பாதை, கிணறு என்று வெயிலில் அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தொடருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

ஓடைக்கரை யானை

சேர்ந்த முதல் மாதம். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஓடைக்குச் சின்னப் பாலம் கட்ட வேண்டும். கல் உடைக்கும் மேஸ்திரி யூசுப் பாய் என்னைவிட இருபது வயது மூத்தவர். நல்ல கல் அரை மைல் தள்ளி இருக்கிறது என்றார். நான் ஓடைக்கரையிலேயே யானை மாதிரிப் படுத்துக் கிடந்த பாறையைக் காட்டி, "இதையே உடைங்க" என்றேன். அவர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். கணீரென்று வர வேண்டிய சத்தம் 'பொத்' என்று வந்தது. "தட்டினாலே தெரியுதுங்களே" என்றார். நான் விடவில்லை.

உளி வைத்ததும் கை கனத்துக்கு ஒரு பொருக்கு கழன்று விழுந்தது. அதற்குள் இன்னொரு பொருக்கு. அதற்குள் இன்னொன்று. வெயிலும் மழையும் எத்தனை காலமாக உள்ளே புகுந்து வேலை பார்த்தனவோ! பத்துப் பேர் இரண்டு நாள் உரித்ததில் யானை கன்றுக்குட்டியாகி, கடைசியில் திருகைக்கல் அளவுக்கு வந்து நின்றது. பாய் அந்த உருண்டையை என் காலடிக்கு உருட்டிவிட்டுச் சொன்னார்: "இது கல்லு இல்லீங்க சார், வெங்காயம். உரிச்சது நாங்க, கண்ணு கலங்குறது நீங்க."

படிக்கத் தெரியாத செடி

கர்நாடக எல்லைப் பக்கம் ஒரு ஊர். பாதையோரப் பாறையின் வெடிப்பில் பென்சில் தடிமனுக்கு ஒரு அத்திச் செடி. அங்கே மானாவாரிக் காடு வைத்திருந்த கெம்பண்ணா, அதைப் பிடுங்கச் சொல்லி இரண்டு தடவை வந்து கேட்டார். இத்துனூண்டு வேர் இத்தனை பெரிய பாறையை என்ன செய்துவிடும்? 'பாறை உறுதியாக உள்ளது' என்று நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாலு வருஷம் கழித்துப் போனால் பாறை இரண்டாகப் பிளந்து, பாதி நடுப்பாதையில் கிடக்கிறது. செடி மரமாகி நிழல் தருகிறது. கெம்பண்ணா அந்த நிழலில் நின்றபடியே சொன்னார்: "நீங்க எழுதினதுல தப்பில்லீங்க சார். அது பள்ளிக்கூடம் போகல, படிக்கத் தெரியல."

நடுரோட்டில் உட்கார்ந்தது

அதற்குப் பிறகு எந்தக் கல்லையும் நான் நம்பவில்லை. சித்தேரி மலைப்பாதையில் ஒரு ஐப்பசி காலை, மூன்று நாள் அடைமழை அப்போதுதான் விட்டிருந்தது. மேட்டில் ஒரு பெரிய பாறை. ஏறிப் போய் அதன் அடியைத் தொட்டேன். வெல்லக்கட்டி மாதிரி விரலில் உதிர்ந்தது. பாறையின் அடிப்பாகமே மக்கி மண்ணாகி, அந்த மண்ணையும் மழை அரித்துக்கொண்டிருந்தது.

கீழே சாமை மூட்டை ஏற்றிய லாரி வந்தது. மூட்டை மேல் சந்தைக்குப் போகிற ஜனம், மடியில் குழந்தையோடு இரண்டு பெண்கள். ஓடி வந்து மறித்தேன். "நேத்து வரைக்கும் நின்ன கல்லு, நான் போறதுக்குள்ள விழுந்துடுங்களா?" என்று டிரைவர் கோவிந்தன் ஆரனை அழுத்தினார். வேறு வழி தெரியவில்லை. நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர் திட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஜனங்களே இறங்கினார்கள். என் ஆட்கள் மேலே ஏறிப் பக்கவாட்டில் நின்று, நாலு கடப்பாறை போட்டு நெம்பினார்கள். மூன்றாவது நெம்பலில் பாறை புரண்டு, பாதையின் ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. கோவிந்தன் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே நீங்க எங்க உக்காந்தாலும் வண்டிய நிறுத்திடறேங்க."

இண்டூர்க் கிணறு

கடும் வறட்சி. இண்டூர்ப் பக்கத்தில் ஒரு தெருவுக்குக் குடிதண்ணீர்க் கிணறு தோண்டினோம். மண் சுமந்த பெண்களுக்குத் தலைவி ஆரோக்கியமேரி. அவள் வீடும் அதே தெருவில்தான். விடிந்ததும் இரண்டு மைல் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். நாற்பதாவது அடியில் நீலப்பாறை. ஒரு நாள் வெடி வைத்தால் ஒரு கூடை கல் வந்தது. மூடிவிடலாம் என்று மேலதிகாரி சொன்னார்.

யூசுப் பாய் கிணற்றுச் சுவரில் பாதி ஆழத்தில் மஞ்சளாக ஓடிய ஒரு பட்டையைக் காட்டினார். கயிற்றில் இறங்கிச் சுரண்டிப் பார்த்தேன். ஈர ரவை மாதிரி உதிர்ந்தது. தண்ணீர் படாமல் கல் இப்படி உளுக்காது. அதிகாரியிடம் போய் நின்று, பத்து நாள் கேட்டு ஒரு வாரம் வாங்கினேன். கீழே தோண்டுவதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் குடைந்தோம். ஐந்து நாள் புழுதிதான். பெண்கள் ஒருவரும் வேலையை விட்டு நிற்கவில்லை. ஆறாம் நாள் மதியம் குடைந்த துளையிலிருந்து கலங்கலாகக் கசிந்து, சாயங்காலத்துக்குள் கை தடிமனுக்கு ஊற்றியது. ஆரோக்கியமேரி கீழே இறங்கி, இரண்டு கையிலும் ஏந்திக் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்: "கெட்டிக் கல்லோட இத்தன நாளு மல்லுக்கட்டினோமே சார், தண்ணி இந்த உளுத்துப் போனதுகிட்டல்ல இருந்திருக்கு!"

இத்தனை வருஷம் பாறை பொடியாவதைப் பார்த்துப் பார்த்து இப்போது என் முழங்காலும் அதே வழியில் போகிறது, ஆனால் அதற்கு எஸ்டிமேட் போட இதுவரை ஒரு ஓவர்சியரும் வரவில்லை.