ஏழாம் கட்டம்

பெரியவரின் தோள்பட்டையில் ஒட்டியிருந்த வலி பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பி, மற்ற கையால் தோலை அழுத்திக்கொண்டு மெதுவாக உரித்தாள். மூன்று நாளைக்கு ஒன்று; அது பத்தாவது, பெட்டியில் கடைசி. அச்சடித்த தாளில் பத்தாம் கட்டத்தில் அதை ஒட்டி, கட்டைவிரலால் தேய்த்தாள். தாளில் ஏழாம் கட்டம் காலியாக இருந்தது.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போகிற வீடுகளில் எல்லாம் அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நர்ஸ் படிப்பு இல்லை. ஆறு மாதப் பயிற்சியும், பத்தொன்பது வருஷம் படுக்கையில் கிடந்தவர்களைப் புரட்டிப் போட்ட கையும்தான். புருஷன் ஒரு நாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. மறு வாரமே பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். அங்கே சொல்லிக் கொடுத்ததில் ஒன்று: கழற்றிய வலி பிளாஸ்திரியைப் பசை உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்துக் குப்பையில் போட வேண்டும்.

அப்போது அது இரண்டாம் பட்டியல் மருந்து. டாக்டர் சீட்டு இருந்தால் கிடைக்கும். பிறகு எங்கோ சிலர் கழற்றிப் போட்டதைப் பொறுக்கிப் போதைக்குப் பயன்படுத்திச் செத்தார்கள். அரசிதழில் அறிவிப்பு வந்தது. பிளாஸ்திரி கெடுபிடி அதிகமான முதல் பட்டியலுக்கு ஏறியது. இனி பழைய பத்தைத் தாளில் ஒட்டிக் கொண்டு போனால்தான் புதிய பத்து. பழையதிலும் மருந்து மிச்சம் இருக்கும், அதனால்தான். சட்டத்தில் அவளுக்குக் குறை தோன்றவில்லை. ஆனால் கைக்கு அரசிதழ் படிக்கத் தெரியாதே. ஏழாவதைக் கழற்றிய அன்று பெரியவர் வாந்தி எடுத்தார். அந்த அவசரத்தில் கை பழைய வழக்கப்படி மடித்துப் போட்டுவிட்டது. எட்டாவதைக் கழற்றித் தாளில் ஒட்டப் போனபோதுதான் உறைத்தது. அதற்குள் குப்பை வண்டி போயிருந்தது. கவுன்ட்டர்காரர் தெரிந்தவர்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டர்காரர் தாளைப் பார்த்தார்.

"அக்கா, ஒன்பதுதான் இருக்கு."

"எனக்கும் எண்ணத் தெரியும் தம்பி. ஒண்ணு குப்பையில போயிடுச்சு."

"தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க."

"பதினோரு வருஷமா என்னைத் தெரியும் உனக்கு. நான் வித்துத் தின்னுட்டேன்னு நினைக்கிறியா?"

அவர் தலைக்கு மேலிருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார். "முன்னாடி உங்க முகத்தைப் பார்த்தே குடுத்திருக்கேன். முதல் பட்டியலுக்கு முகம் செல்லாதுக்கா. அலமாரிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு எங்கிட்ட இல்ல."

"அவருக்கு எலும்பெல்லாம் புற்று. அதுவரைக்கும் என்ன குடுக்கட்டும்?"

"சீட்டு இல்லாத மாத்திரை வேணா தர்றேன்."

"அதைக் குடுக்கறதுக்குப் பதிலா நான் விசிறியே வீசிடுவேன்."

பெரியவர் வீட்டுக்கு வந்து தாளை மேஜைமேல் வைத்தாள். பெரியவர் நாற்பது வருஷம் அச்சு இயந்திரம் ஓட்டியவர். வலி வந்தால் கட்டில் கம்பியை அந்த இயந்திரத்தின் கைப்பிடி மாதிரி பிடித்து இழுப்பார். இழுக்க ஆரம்பித்திருந்தார். அவர் மனைவி வாசற்படியில் நின்றபடி, "கிடைச்சுதா?" என்றாள்.

"கிடைக்கும்மா. ஒரு லெட்டர் வாங்கணும்."

ஸ்டேஷனில் எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டே கேட்டார். "திருட்டா?"

"இல்ல சார். நானே குப்பையில போட்டுட்டேன்."

"அப்ப தொலையலயே. எங்க இருக்குன்னுதான் தெரியுதே."

"குப்பை மேட்டுல இருக்கு. எடுத்துத் தர்றீங்களா?"

அவர் சிரித்தார். எழுதியும் கொடுத்தார். ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரி நாளைக் காலையில்தான் வருவாராம்.

அவள் திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. பெரியவர் வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்திருந்த கை போர்வைமேல் கிடந்தது. மேஜையில் இருந்த தாளில் இப்போது நான்கு கட்டங்கள் காலி. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முதுகில் மூன்று பழைய பிளாஸ்திரிகள், மேலே துணி டேப் குறுக்கும் நெடுக்குமாக.

"அம்மா, என்ன காரியம் செஞ்சிருக்கீங்க?"

"இதுல மருந்து மிச்சம் இருக்குன்னு நீதானே சொன்னே. தலையணையைக் கடிச்சுக் கிழிச்சுட்டார்மா."

மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். நிமிஷத்துக்கு ஏழு; பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. டேப்பின் முனையைப் பிடித்தாள்.

"விட்டுடேன். இன்னைக்கு ஒரு நாள் தூங்கட்டும்" என்றாள் மனைவி.

உரிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். உரித்தால் அவர் விழிப்பார்; விழித்தால் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. முனையை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

விடிவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது.

"நான் ஒட்டினதாலயா?" என்று மனைவி கேட்டாள்.

"நோய்தாம்மா."

அது அவளுக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப் போவதும் இல்லை.

காலையில் டேப்பை வெந்நீரில் நனைத்து எடுத்தாள். மூன்றையும் உரித்துத் துடைத்துத் தாளில் வைத்தாள். பசை போயிருந்ததால் நிற்கவில்லை; கோந்து தடவி ஒட்டினாள். எது எந்தக் கட்டத்துக்குரியது என்று பார்க்கவில்லை. பெரியவரைக் குளிப்பாட்டி, வேறு சட்டை போட்டு, தாடையைக் கட்டினாள். ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கினாள். கவுன்ட்டருக்குப் போனாள்.

"ஒன்பது, லெட்டர் ஒண்ணு. இப்ப எல்லாம் சரியா இருக்குக்கா. பெட்டி எடுத்துட்டு வர்றேன்."

"பெட்டி வேணாம் தம்பி. அவர் போயிட்டார்."

 அவர் தாளில் முத்திரை குத்தி, கணக்கு முடிக்கும் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். 'நோயாளியின் வீட்டில் மீதமுள்ள மருந்து' என்ற இடத்தில் அவள் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.