தம்பி மகளுக்கு வைத்த போர்டு

எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு மாதவிடாய் வந்துவிட்டது என்பதை, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற அத்தனை பேருக்கும் ஃப்ளெக்ஸ் போர்டு வைத்துச் சொல்கிற ஊர் எங்கள் ஊர். இப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். பூப்புனித நீராட்டு விழா என்று சொல்ல வேண்டுமாம். எந்தப் பெயரில் சொன்னாலும் எனக்குக் குமட்டுகிறது.

போன வருஷம் என் தம்பி மகளுக்கு அந்த விழாவை நடத்தினார்கள். தம்பி வீடு சாணார்பட்டியில். நான் திண்டுக்கல்லில் இருக்கிறேன். பிள்ளை வயதுக்கு வந்து மூன்று மாதம் கழித்து மண்டபம் பிடித்தார்கள். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அத்தை, ஃபங்ஷன் வேணா வச்சுக்கிறட்டும். போர்டு மட்டும் வேணாம்னு அப்பாட்ட சொல்லுங்கத்தை. எங்க ஸ்கூல் வேன் அந்த வழியாத்தான் போகும். பயலுக எல்லாம் பாப்பானுக." சொல்லும்போதே அழுதுவிட்டாள். சேலை வேண்டாம், சீர் வேண்டாம் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. கேட்டது அந்த ஒன்றைத்தான்.

தம்பியிடம் பேசினேன். "ஏக்கா, ஊர்ல அம்புட்டுப் பேரும் வைக்கிறாக. நம்ம மட்டும் வைக்கலைன்னா புள்ளைக்கு ஏதோ குறைன்னு பேச மாட்டாகளா?" என்றான். அவனிடம் நான் பெரிதாக எதிர்பார்த்திருக்கவும் இல்லை.

தம்பி மனைவியிடம்தான் எதிர்பார்த்தேன். எம்.ஏ., பி.எட். முடித்து தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். மகளிர் தினம் வந்துவிட்டால் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் விளாசுவாள். நானே முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். அவள் சொன்ன பதில் இது:

"மதினி, அந்தக் காலத்துல ஓலைக் குடிசை கட்டி ஒதுக்கி வச்சாக. நாங்க ஏசி மண்டபத்துல உக்கார வைக்கிறோம். இதுக்கு மேல என்ன பெண்ணியம் வேணும் உங்களுக்கு?"

பெண்கள் படித்துவிட்டால் இதெல்லாம் தானாகப் போய்விடும் என்று நம்பிய மண்டு நான். படித்தார்கள். வேலைக்குப் போனார்கள். ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள், லோன் போட்டு வீடு கட்டுகிறார்கள். அதே சம்பளத்தில் மகளின் சடங்குக்கு ட்ரோன் கேமராவும் பிடிக்கிறார்கள். ஆண்களைத் திட்டுவது எனக்குப் பழகிப்போன வேலை. படித்த பெண்ணே முன்னால் நின்று நடத்தினால் யாரைத் திட்டுவது?

போர்டு வைத்தார்கள். பஸ் ஸ்டாப்பை ஒட்டி, இரண்டு ஆள் உயரத்துக்கு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கல்யாணப் பெண் மாதிரி ஒட்டியாணம் மாட்டி, முகத்தைக் கம்ப்யூட்டரில் சுண்ணாம்பாக வெளுத்து, உதட்டைச் சிவப்பாக்கி நிறுத்தியிருந்தார்கள். கீழே கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன்கள் கைகூப்பி வரவேற்றார்கள். பெற்ற தாயின் படம்கூட அதில் இல்லை. டீக்கடையில் நின்ற ஒருவன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தை மேலும் கீழும் பார்த்தான். நான் கண்ணாலே கண்டேன். மறுநாளிலிருந்து பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. விழா வேலை இருக்கிறது என்று லீவு சொல்லிவிட்டார்கள்.

விழா அன்று, மண்டபத்து மணப்பெண் அறையில் அவளுக்கு மூன்றாவது சேலை கட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று என் கையைப் பிடித்தாள். "அத்தை, வந்துருச்சு" என்றாள். அன்றைக்குத்தானா வர வேண்டும்!

தம்பி மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது. அலங்காரம் செய்கிற பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து ஒரு சானிட்டரி பேடை எடுத்தாள். அது நியூஸ் பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் கறுப்புக் கவரில் போட்டு முடிச்சிட்டிருந்தது.

"மெதுவாப் பேசுடி. வெளிய பூரா ஆம்பளையா இருக்காக. விளக்கு ஏத்துற நேரத்துல தீட்டுன்னு தெரிஞ்சா மானமே போயிரும். இதை முந்தானைக்குள்ள மறைச்சுக் கொண்டு போ. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

பிள்ளை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப எதுக்கும்மா போர்டு வச்சீங்க?"

மகளிர் தினத்தில் அரை மணி நேரம் பேசுகிறவள் அந்தக் கவரை மகள் கையில் திணித்தாள். வெளியே போட்டோகிராபர், பொண்ணை மேடைக்கு அனுப்பச் சொல்லிக் கதவைத் தட்டினார்.

பிள்ளை கவரின் முடிச்சை அவிழ்த்தாள். பேப்பரையும் பிரித்து இரண்டையும் கட்டிலில் போட்டாள். பேடை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "ஏய், ஏய்" என்று அம்மா கையை நீட்டுவதற்குள் போய்விட்டாள். பாத்ரூம் மண்டபத்தின் அந்தக் கோடியில் இருந்தது. சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசைகளுக்கு நடுவே, கையை வீசிக்கொண்டே நடந்தாள். அத்தனை ஆண்களும் தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்தார்கள்.