அரையாண்டுச் சந்தா

அம்சவேணிக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்று, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், சீர்வரிசையெல்லாம் பேசித் தீர்ந்தபின், பெண்ணுக்கென்று தனியாக ஏதாவது ஆசை உண்டா என்று கேட்டார். கேட்பது மரியாதை, பெண் தலை குனிந்து பேசாமல் இருப்பது வழக்கம். அம்சவேணி பேசிவிட்டாள். சென்னையிலிருந்து வரும் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றின் பெயரைச் சொல்லி, மாப்பிள்ளை ஊரான புத்தூருக்குப் போன பிறகும் அது தனக்கு வாராவாரம் வரவேண்டும் என்றாள். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தந்தை எத்திராஜ் மட்டும் சிரிக்காமல், எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் சீரில் சேர்த்தி என்று சொன்னார்.

திருத்தணிக்கு அருகில் கரும்பும் நிலக்கடலையும் பயிரிட்டு வந்த குடும்பம் அது. ஊரில் இருந்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தம்பி துலுக்காணம் அதில்தான் படித்தான். அம்சவேணியை மட்டும் அவளுடைய அத்தை தன் வீட்டில் வைத்துக்கொண்டு மிஷன் பெண்கள் பள்ளிக்கு அனுப்பினாள். அங்கே பாடம் தமிழில் நடந்தது. இப்படியாக ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் அக்கா தமிழ் படித்தவள், தம்பி தெலுங்கு படித்தவன் என்று ஆயிற்று. பேசுவதும் சண்டையிடுவதும் மட்டும் இருவருக்கும் தமிழிலேயே.

எத்திராஜ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆண்டுதோறும் தைக் கிருத்திகைக்கு மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கியதும், நேரே தபாலாபீசுக்குப் போய்ச் சந்தாப் பணத்தை மணியார்டர் செய்துவிடுவார். அதில் ஒரு நுணுக்கமும் வைத்திருந்தார். சந்தாதாரர் என்று தம் பெயரையும் தம் ஊர் முகவரியையும் கொடுத்து, பத்திரிகையை மட்டும் புத்தூருக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். சந்தா தீர்ந்தது என்ற நினைவூட்டலோ, பணம் கட்டு என்ற கேள்வியோ மகளின் வாசலுக்குப் போகக்கூடாது என்பது அவர் எண்ணம். இதை அவர் யாரிடமும் விளக்கியதில்லை. அம்சவேணி தானாகப் புரிந்துகொண்டாள்; மாப்பிள்ளை கோவர்த்தனனுக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

கோவர்த்தனன் புத்தூரில் எண்ணெய் ஆலை ஒன்றில் கணக்கு எழுதி வந்தார். அதிகம் பேசாத மனிதர். பத்திரிகை வந்த நாளன்று மாலையில் காப்பி தாமதமாகவே கிடைக்கும் என்பதை மணமான முதல் மாதத்திலேயே புரிந்துகொண்டு, அன்று மட்டும் ஆலையிலிருந்து சற்றுத் தாமதமாகவே வீட்டுக்கு வருவார். பக்கத்து வீட்டு வெங்கடம்மாவுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. தொடர்கதையை அம்சவேணி வாய்விட்டுப் படிக்க, அவள் அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்பாள். கதையில் வரும் மாமியாரை வாரம் தவறாமல் தெலுங்கில் திட்டுவாள்.

கல்யாணமான பதினான்காம் ஆண்டு சித்திரையில் எத்திராஜ் இறந்துபோனார். அந்தத் தையில் அவர் கட்டிய சந்தா நடப்பிலேயே இருந்ததால், அவர் போன பிறகும் அவர் அனுப்பும் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. காரியம் முடிந்த மறுவாரம் வந்த இதழின் உறையை அம்சவேணி வெகுநேரம் பிரிக்கவில்லை.

காரியத்துக்குப் போயிருந்தபோது, நிலத்தில் தனக்கு உரிய பங்கைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்து அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். மகளுக்கும் பாகம் உண்டு என்ற சட்டம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊரில் யாரும் அவளை வற்புறுத்தவில்லை. பிறந்த வீடு தம்பியோடு தழைத்திருந்தால் போதும் என்று அவளாகவே நினைத்தாள். துலுக்காணம் அன்று அக்காவை ரயிலேற்றிவிட்டுப் போனான்.

அடுத்த தை பிறந்ததும் பத்திரிகை நின்றது.

முதல் வாரம் தபால் தவறியிருக்கும் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் வராதபோது, இது துக்க வருஷம், பொங்கல் சீரே இல்லை, பத்திரிகை மட்டும் எப்படி வரும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் மாசி வரைக்கும் நிற்கவில்லை. துக்க வருஷத்தில் புடவை எடுக்கமாட்டார்கள், சரி. பத்திரிகை என்ன பண்டிகையா? கையெழுத்து வாங்கும்வரை இருந்தது, வாங்கிய பிறகு நின்றது என்ற கணக்கைப் போட அவளுக்கு மனம் கூசியது. ஆனாலும் இரவும் பகலும் மனம் அந்தக் கணக்கையே போட்டது.

கோவர்த்தனன் தாம் கட்டிவிடுவதாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். ஒரு நாள் ரயிலடிக் கடையில் அந்த வாரத்து இதழை வாங்கி வந்து, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். அது இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் அதை எடுத்துக் கணவரிடமே நீட்டினாள்.

"நீங்க குடுத்தா அது பத்திரிகை. அவங்க குடுத்தாத்தான் சீரு. எனக்குப் படிக்கக் கெடைக்கலைன்னா அழுவறேன்?"

அவர் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பங்குனியில் எல்லைக் கணக்குத் தீர்ந்து, அதுவரை ஆந்திரத்தில் இருந்த திருத்தணி ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. ரயில் அதே ரயில், கட்டணமும் அதே கட்டணம். ஆனாலும் எல்லாரும் ஏதோ பெரிய ஆறு ஒன்று நடுவில் வந்துவிட்டதுபோலப் பேசினார்கள். தொடர்கதை பாதியில் நின்றுபோன கோபம் வெங்கடம்மாவுக்கு இருந்தது.

"ஏமம்மா, உன் பொறந்த ஊடு மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போயிடுச்சே, பேப்பரும் கூடவே போயிடுச்சா? அந்த மாமியாரு செத்தாளா இல்லியான்னாவது உன் தம்பியைக் கேட்டுச் சொல்லு" என்றாள்.

அம்சவேணி சிரிக்க முயன்று, முடியாமல், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சித்திரையில் துலுக்காணம் வந்தான். தந்தையின் தலைத் திவசத்துக்கு அக்காவையும் மாமாவையும் நேரில் அழைக்க வேண்டும் என்று முதல் ரயிலில் வந்திருந்தான். அம்சவேணி வா என்றாள், கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள், இலை போட்டாள். செய்ய வேண்டியதில் ஒன்றும் குறையவில்லை. பேச்சுத்தான் குறைந்திருந்தது. அவன் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. தம்பி இரண்டு முறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பார்ப்பதை விட்டான்.

சாப்பிடும்போது அவன் கோவர்த்தனன் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் ஒரு சந்தேகம் கேட்டான்.

"நைனா பேருக்கு அச்சடிச்ச காயிதமா வந்துக்கினே கீது மாமா. தமிழு, எனக்குப் படிக்க வராது. அப்புறமா ஒரு புஸ்தகக் கட்டு வந்துச்சி. பணம் கட்டினாத்தான் பிரிக்கலாம்னாரு தபால்காரரு. செத்துப்போன மனுசனுக்கு இன்னாத்துக்குப் புஸ்தகம்? ஆள் இல்லேன்னு சொல்லித் திருப்பிட்டேன். இப்ப மறுபடியும் காயிதம் வந்துகீது. கேஸு கீஸு போடுவாங்களா?"

கோவர்த்தனனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பத்திரிகைக்காரர்களின் வழக்கம் அவருக்குத் தெரியும்: சந்தா தீர்ந்தவர் வேண்டாம் என்று எழுதாவிட்டால், வேண்டும் என்றே கொண்டு, அடுத்த ஆண்டின் முதல் இதழைப் பணம் வசூலிக்கும் வி.பி.பி. தபாலில் அனுப்பிவிடுவார்கள். அது சந்தாதாரர் வீட்டுக்குப் போகும். சந்தாதாரர் எத்திராஜ். மகளின் வாசலில் யாரும் பணம் கேட்கக்கூடாது என்று அவர் செய்துவைத்த ஏற்பாடு, அவர் போன பிறகு, மகனின் வாசலில் வந்து நின்றிருக்கிறது. கட்டு எப்போது வந்தது என்று மட்டும் கேட்டார். தை மாசம் என்றான் துலுக்காணம்.

ரசக் கிண்ணத்தோடு அறைவாசலில் நின்றிருந்த அம்சவேணி அதைக் கீழே வைத்தாள்.

"அது எனக்கு வர்றதுடா" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அக்கா பத்திரிகை படிப்பாள் என்பது தெரியும். அதை மாமா வாங்கித் தருகிறார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தான். கோவர்த்தனன் பொறுமையாக முதலிலிருந்து எடுத்துச் சொன்னார். கல்யாணப் பேச்சின்போது துலுக்காணம் சிறுவன். அன்று கூடத்தில் எழுந்த சிரிப்பு நினைவிருந்ததே தவிர, எதற்குச் சிரித்தார்கள் என்பது நினைவில்லை. கேட்டு முடித்தபோது இலையில் அவன் கை அப்படியே நின்றிருந்தது.

"அப்ப நான்தான் நிறுத்திட்டேனா?"

அம்சவேணி கீழே வைத்த ரசக் கிண்ணத்தை மறுபடியும் கையில் எடுத்தாள்.

"ஒரு தபால் கார்டு போட்டிருக்கக்கூடாதாக்கா? நைனா பேருக்கு எழுதினா மட்டுந்தான் திருப்புவேன். நீ எழுதினா யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேனே."

"கேட்டு வாங்கறதாடா இது?" என்றாள் அவள்.  தம்பியைப் பற்றி மூன்று மாதமாக என்னென்ன நினைத்தோம் என்பது ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வந்தது. அதில் ஒன்றைக்கூட அவனிடம் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவன் வேண்டாம் என்றான். அவள் மேலும் வைத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் துலுக்காணம் மடியை அவிழ்த்தான். திவசத்துக்குச் சாமான் வாங்க வைத்திருந்ததைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பார்த்தான். ஓராண்டுச் சந்தாவுக்கு அது போதவில்லை. அந்த வருஷம் கடலை விளைச்சல் சரியில்லை. கோவர்த்தனனின் கை சட்டைப்பையை நோக்கிப் போயிற்று. அம்சவேணி பார்த்தாள். கை திரும்பி வந்து முகவாயைச் சொறிந்துகொண்டது.

அரையாண்டுக்கும் சந்தா உண்டு என்று அவள்தான் சொன்னாள். நைனா வருஷத்துக்குக் கட்டினாரே என்று அவன் தயங்கினான். ஆறு மாதம் போதும், ஒரே மூச்சில் யார் படிக்கிறார்கள் என்றாள். கோவர்த்தனன் மணியார்டர் பாரம் நிரப்பிக் கொடுத்தார். சந்தாதாரர் என்ற இடத்தில் துலுக்காணத்தின் பெயர். பத்திரிகை போகவேண்டிய இடத்தில் அக்காவின் பெயர். பணம் தன் ஊர்த் தபாலாபீசிலிருந்துதான் போகவேண்டும் என்று தம்பி பிடிவாதமாகப் பாரத்தை மடித்து எடுத்துக்கொண்டான். வி.பி.பி.யைத் திருப்பியதில் அவர்களுக்கு நஷ்டமான தபால் கூலியையும் சேர்த்து அனுப்பட்டுமா என்று ரயிலடியில் மாமாவை இரண்டு தடவை கேட்டான்.

வைகாசியில் பத்திரிகை வந்தது. இடையில் விட்டுப்போன கதையை வெங்கடம்மா தானாகவே இட்டுக்கட்டிக்கொண்டாள். அவள் கதையில் மாமியார் எப்போதோ செத்துவிட்டாள்.

ஐப்பசியில், சந்தா தீரப்போகிறது என்று அச்சிட்ட அட்டை துலுக்காணத்தின் ஊருக்குப் போயிற்று. ஊர்த் தபால்காரரே தமிழ் நன்றாகப் படிப்பார். துலுக்காணம் அதை அவரிடம் காட்டாமல் சட்டைப்பையில் வைத்து, ரயிலேறிப் புத்தூருக்கு எடுத்து வந்து, இதில் இன்னா போட்டுகீது பாரேன் என்று அக்காவிடம் நீட்டினான். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பவளைப்போல் மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். அன்று அவன் இன்னொரு அரையாண்டுக்குப் பாரம் நிரப்பி வாங்கிக்கொண்டு, மாலை ரயிலில்தான் திரும்பினான்.

அடுத்த சித்திரைக்குள் கடலை நல்ல விலை போயிருந்தது. துலுக்காணம் அட்டையோடு ஓராண்டுச் சந்தாவுக்கான பணத்தையும் கொண்டுவந்து அக்கா கையில் வைத்தான். வருஷமாகக் கட்டினால் ஒரு ரூபாய் குறைகிறது என்று, கணக்குத் தெரிந்தவர் என்ற முறையில், கோவர்த்தனனும் சொன்னார். அம்சவேணி பணத்தை எண்ணி, அரையாண்டுக்கு வேண்டியதைத் தனியே பிரித்து, மீதியோடு தம்பியிடமே நீட்டினாள்.

"அரை வருசத்துக்கே கட்டு. அட்டை வருசத்துக்கு ரெண்டு தரம் வரட்டும்" என்றாள்.

துலுக்காணம் அவளைப் பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்காமல் வாங்கி மடியில் முடிந்துகொண்டான்.