நைனாவின் வேலைக் கை

புழுவின் நடுவே நெடுக ஒரு கோடு கிழித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதை ராயபுரத்துப் பள்ளியில் நான்காம் வகுப்பில் கற்றேன். எண்ணூர்க் கழிமுகச் சேற்றிலிருந்து வந்த தூண்டில் புழு ஒன்றை வாத்தியார் தட்டில் நீட்டி வைத்துக் காட்டினார். நட்சத்திர மீனுக்கு இடம், வலம் கிடையாது. புழுவுக்கு உண்டு, இரண்டும் சமம். மனிதனும் புழுவின் கட்சிதான் என்றார். அந்த வாரம்தான் என் நைனாவின் இடது கையில், பெருவிரல் நீங்கலாக, நான்கு விரல்களும் போயின.

நைனா திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் தகடு வெட்டும் இயந்திரத்தில் இருந்தார். அங்கே ஒரு விதி. வேலைக் கை கெட்டவனுக்கு வாசல் காவல் கிடைக்கும். மற்றக் கை கெட்டவன் பழைய இயந்திரத்துக்கே திரும்ப வேண்டும். நைனாவுக்கு இடதுதான் வேலைக் கை, பிறவிப் பழக்கம். சோறு மட்டும் வலது கையால் உண்பார். அது சிறுவயதில் அடித்துப் பழக்கியது. தெருவில் கேலி செய்வார்கள் என்று அம்மா அந்த இடதுகைப் பழக்கத்தைப் பற்றி வெளியே மூச்சுவிடுவதில்லை.

பட்டறைக் குமாஸ்தா விசாரணைக்கு வந்தபோது நைனா கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சம்பந்தப்பட்டவர் இல்லாத விசாரணை சீக்கிரம் முடியும்.

"உம் புருஷன் எந்தக் கையால சாப்பிடுவான்?"

"ஐய, இன்னா கேள்வி சாமி இது? சோத்தாங்கையாலதான். பீச்சாங்கையால யாராச்சும் துன்னுவாங்களா?" என்றாள் அம்மா.

"வேலையும் அதே கைதானே?"

அம்மா ஒரு கணம் தயங்கித் தலையாட்டினாள். அந்த விதியைக் குமாஸ்தா அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை. நான் முந்திக்கொண்டேன்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் சார். வாத்தியாரு புழுவ வச்சுக் காட்னாரு."

"பலே! படிக்கிற புள்ள" என்று சிரித்தபடி அவர் எழுதிக்கொண்டார். அம்மா என் தலையைத் தடவினாள்.

மறுநாள் குமாஸ்தாவின் அறிக்கையில் நைனாவிடம் இடது பெருவிரல் ரேகை வாங்கினார்கள். பெருவிரல் தப்பியிருந்ததால் படிவத்துக்கு இடையூறு நேரவில்லை. இங்கிலீஷில் என்ன எழுதியிருந்தது என்பதை இயந்திரத்தின் முன் மறுபடி நிறுத்தப்பட்ட பிறகே அவர் அறிந்தார். பழகாத வலது கையால் தகட்டைத் தள்ளினார். மூன்றாம் வாரம் அந்தக் கை மணிக்கட்டோடு போயிற்று.

பின்னாளில் நானே அத்தகைய அறிக்கைகளைச் சரிபார்த்து ஒப்பமிடும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். அந்த அறிக்கையில் என்னாலும் குறை காண முடியாது. வினா உண்டு, விடை உண்டு, ரேகையும் உண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து நைனா திரும்பிய நாள் அம்மா அவருக்குச் சோறு ஊட்டினாள். பெரியவர்களுக்கும் ஊட்டுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றார்; நீர் வழிந்தது. குழம்பில் காரம் அதிகம் போலிருக்கிறது என்று எண்ணி, தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்து அவர் முன் நீட்டினேன். வாங்கிக்கொள்வார் என்று நெடுநேரம் நீட்டியபடியே நின்றேன்.